அம்பாசிடரில் துருப்பிடித்த தகடுகளை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி அம்பாசிடர். இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் சாமான் இன்னும் தேடினால் கிடைக்கிறது. வண்டியை ஷெட்டில் முடக்கிப் போடுவது பெரும்பாலும் பாடித் துருதான். டிங்கரிங் பட்டறையில் விடுகிறவர்களும், கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் வாங்கி வைத்துக்கொண்டு தாங்களே இறங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே.

"அம்பாசிடர் தகடு கெட்டி, துரு ஒன்றும் செய்யாது" என்கிறார்களே?

தகடு கெட்டிதான். அதனால் ஓட்டை விழ இன்னும் சில வருடம் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃப்ளோர், சில், பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கூடாக நின்று எடையைத் தாங்குகின்றன. சில் என்பது கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பகுதி. ஃபெண்டரில் துரு இருந்தால் அசிங்கம். சில்லில் துரு இருந்தால் ஆபத்து.

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. சக்கரம் வாரி அடிக்கும் சேறு மூலைகளில் அடைந்து, அடுத்த மழை வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் ஃப்ளோரில் விரித்திருக்கும் மேட்டுக்கு (mat) அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் கொப்புளித்துக் கண்ணில் படும்போது உள்பக்கம் பாதித் தகடு போயிருக்கும். பெசன்ட் நகர், தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சில்லுக்குள் வண்டல் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

மேட்டையும் அதன் அடியில் இருக்கும் ஃபெல்ட்டையும் முழுக்க எடுத்துவிடுங்கள். டிரைவர் கால் வைக்கும் இடம், ஃப்ளோரும் சில்லும் சேரும் விளிம்பு, முன் கதவுக் கீல் நிற்கும் பில்லரின் அடி, பின் லீஃப் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் இடங்கள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், நான்கு கதவுகளின் அடி விளிம்பு, ஹெட்லைட் கிண்ணத்தின் மேல்பக்கம். முன் ஃபெண்டருக்கும் பில்லருக்கும் நடுவே இருக்கும் பொந்தை யாரும் பார்ப்பதில்லை. அதில் கைவிட்டால் ஒரு பிடி மண் வரும்.

அடியில் படுத்துப் பார்க்கும்போது ஃப்ளோருக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்ப்ரிங் வேலை செய்யும் எஃகுக் கம்பி) தன் பின் முனையை அங்கேதான் ஊன்றியிருக்கிறது. முன்பக்க எடையின் முறுக்கு முழுவதும் அந்தச் சட்டத்தில் வந்து நிற்கும். அங்கே துரு என்றால் மற்ற எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு அதிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டி (பெயின்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசி மறைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பேனல் மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் தகடு கணீரென்று சொல்லும், பட்டி மொத்தென்று சொல்லும். அடிப்பக்கம் என்றால் பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து அழுத்திக் குத்திப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளிப்பார். நல்ல தகட்டில் ஸ்க்ரூடிரைவர் இறங்காது. இறங்கினால் அந்த ஓட்டையை நீங்கள் போடவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள்.

துரு மேலேயே ஒரு தகட்டை வைத்து வெல்டு அடித்தால் ஆகாதா? பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆகாது. மூன்று காரணங்கள். துருத் தகட்டில் வெல்டு பிடிக்காது, மேலே மணி மணியாக உருண்டு நிற்கும். பிடித்த மாதிரித் தெரிந்தாலும் சுற்றியிருக்கும் தகடு மெலிந்திருப்பதால் வெல்டு ஓரத்திலேயே கிழியும். மூன்றாவதுதான் மோசமானது: பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே ஒரு பொந்து உண்டாகிறது. அதற்குள் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும். சில மழைக்காலம் தாண்டினால் ஒட்டுத் தகட்டையும் சேர்த்து அரித்திருக்கும்.

வெட்டி எடுத்துவிட்டு, பளபளவென்று தகடு தெரியும் இடத்தில்தான் புதுத் தகட்டைச் சேர்க்க வேண்டும். ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போடுங்கள். வெட்டிய விளிம்பு இன்னும் மெலிந்திருந்தால் அங்கிருந்தும் தள்ளி வெட்டுங்கள். வட்டம் சிறிதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் வெட்டினால் வேலை இருமடங்காகும்.

முன்பு யாரோ பித்தளை வைத்து ஒட்டியிருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். பித்தளை கலந்த இடத்தில் சிஓ2 வெல்டு (வாயுவின் காப்பில் மெல்லிய கம்பியை உருக்கி ஒட்டுவது) விரிசல் விடும்.

புதுப் பேனல் வாங்குவதா, பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுப்பதா, டிங்கரைத் தட்டிச் செய்யச் சொல்வதா?

ஃபெண்டர், கதவு, பானெட், டிக்கி மூடி மாதிரி வளைவும் மடிப்பும் நிறைந்தவற்றுக்குப் பழைய வண்டியின் அசல் பேனல்தான் முதல் தேர்வு. சென்னையில் புதுப்பேட்டையிலும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரிலும் தேடலாம். போகும்போது உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லுங்கள். மார்க் 1-இலிருந்து நோவா, 1800 ஐ.எஸ்.இசட். வரை முகப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. "அம்பாசிடர் ஃபெண்டர்" என்று பொதுவாகக் கேட்டால் வீட்டுக்கு வந்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். காந்தத்தை அங்கேயும் கொண்டுபோங்கள்.

கடையில் புதிதாகக் கிடைக்கும் நகல் பேனல்களில் கோடும் வளைவும் சரியாக உட்காராதவை நிறைய. வாங்கினால் பெயின்டுக்கு முன் மாட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சில், ஃப்ளோர், கதவின் அடி விளிம்பு இதெல்லாம் நேர் மடிப்புகள். தகட்டை வாங்கி ஷீட் பெண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடையில் மடித்து வாங்குவது விலையிலும் பொருத்தத்திலும் மேல். பழைய சில்லை வெட்டும் முன்பே அதன் குறுக்கு வெட்டை அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பழையதை நசுக்கித் தூக்கிப் போட்ட பிறகு அளவு கேட்டால் யார் சொல்வது?

எந்தத் தகடு, எத்தனை கேஜ்?

சி.ஆர்.சி.ஏ. (சூடாக்காமல் உருட்டிப் பதப்படுத்திய) தகடு என்று கேளுங்கள். நெளிவு அதிகம் தட்ட வேண்டிய இடத்துக்கு டி.டி. கிரேடு கிடைத்தால் நல்லது, சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். வெளிப்பேனலுக்கு 20 கேஜ், அதாவது 0.9 முதல் 1 மில்லிமீட்டர். ஃப்ளோருக்கும் சில்லுக்கும் 18 கேஜ், 1.2 மில்லிமீட்டர். ஸ்ப்ரிங் மாட்டும் இடம், ஜாக் வைக்கும் இடம், குறுக்குச் சட்டம் இவற்றுக்கு 16 கேஜ், 1.6 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் கேஜை மட்டும் நம்பாமல் வெர்னியரில் அளந்து பாருங்கள், பழைய தகட்டின் நல்ல பகுதியையும் அளந்து ஒப்பிடுங்கள். எட்டுக்கு நாலு அடி 18 கேஜ் தகடு ஏறக்குறைய 28 கிலோ. இரண்டு சில்லுக்கும் முன் ஃப்ளோர் இரண்டு பக்கத்துக்கும் ஒரு தகடு பெரும்பாலும் போதும்.

"இன்னும் கனமாகப் போட்டால் இன்னும் பலம்" என்று 14 கேஜ் போடுகிறவர்கள் உண்டு. கனத் தகடு உருகும் சூட்டில் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பழைய தகடு ஓட்டை விழும். வெல்டு பிடித்தாலும் வண்டி குலுங்கும்போது அந்த எல்லைக் கோட்டில்தான் விரிசல் வரும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு துருப்பிடிக்காதே என்று கேட்கிறார்கள். துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாக எழும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். வெல்டும் நுரைத்துப் போகும். அப்படியும் ஜி.ஐ. போட்டே தீருவது என்றால் ஓரத்தில் 25 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டு வெல்டு செய்யுங்கள். எடுத்த இடத்தில் காப்பு போய்விடுகிறது. அப்புறம் எதற்கு ஜி.ஐ.?

கேஸ் வெல்டிங்கா, சிஓ2-வா, ஆர்க்கா?

ஆர்க் (குச்சி எலக்ட்ரோடு வைத்துச் செய்யும் வெல்டிங்) வேண்டாம். 1 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும்.

கேஸ் வெல்டிங் தெரிந்த பழைய டிங்கர் கையில் வெளிப்பேனல் நன்றாகவே வரும். அந்த வெல்டு மிருதுவானது, டாலி (பின்பக்கம் அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டிச் சமப்படுத்தலாம். சூடு பரவும் பரப்பு பெரிது என்பதுதான் குறை. அனுபவம் இல்லாதவர் கையில் கதவு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

மற்ற எல்லாவற்றுக்கும் சிஓ2 மெஷின். 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும், 0.6 கிடைத்தால் வெளிப்பேனலுக்கு இன்னும் நல்லது. தனி கார்பன் டை ஆக்ஸைடை விட ஆர்கான் 80, கார்பன் டை ஆக்ஸைடு 20 கலந்த சிலிண்டரில் தெறிப்பு குறையும், மெல்லிய தகடு தப்பிக்கும். 1 மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியரில் தொடங்கி, வெட்டிப் போட்ட துண்டுத் தகட்டில் ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் திருப்பினால் மெல்லிய கோடு துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வெல்டு மேலே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. கிரைண்டரில் தேய்த்ததும் கையோடு வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான வண்டிகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். அவசரத்தில் சில்லை வெட்டிவிடுகிறார்கள், கூடு நடுவில் ஒரு விரல் அளவு தொய்கிறது, அப்படியே புதுச் சில்லை வெல்டு செய்துவிடுகிறார்கள். அதன் பிறகு கதவை எத்தனை முறை கீலில் தட்டினாலும் பூட்டு உட்காராது. தவறு நிரந்தரமாக வெல்டு ஆகிவிட்டது.

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். பின் ஆக்ஸிலுக்கு அடியிலும், முன்பக்கம் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்துக்கு அடியிலும் ஸ்டாண்ட் வையுங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குகிறதோ அங்கேயே இறங்க வேண்டும். செங்கல் அடுக்கி வைப்பது கூடாது. ஃப்ளோர் நடுவில் ஜாக் கொடுப்பதும் கூடாது. இன்ஜினை இறக்கிவிட்டால் முன்பக்க எடை குறையும்.

அடுத்தது தாங்குசட்டம். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 அல்லது 2 மில்லிமீட்டர் கனம். முன் பில்லரில் கீல் மட்டத்திலிருந்து நடுப் பில்லருக்கு ஒன்று, அதற்குக் குறுக்காக மூலைவிட்டத்தில் ஒன்று. பின் கதவுத் திறப்புக்கும் அப்படியே. இடது நடுப் பில்லரிலிருந்து வலது நடுப் பில்லருக்கு ஒன்று. எல்லாம் உள்பக்கமாக, கதவு மூடுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் வர வேண்டும். ஏனென்றால் சில் வேலை முடியும் வரை கதவுகள் மாட்டியே இருக்கும். அதுதான் உங்கள் அளவுகோல்.

பிறகு அளவு. நான்கு மூலையிலும் ஒரே மாதிரியான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துத் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் தகட்டில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு கதவு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதி, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் மாற்றுவது?

குறுக்குச் சட்டம், ஸ்ப்ரிங் மாட்டும் இடங்கள், உள் சில், ஃப்ளோர், பில்லர் அடி, வெளிச் சில், அதன் பிறகு கதவு, கடைசியில் ஃபெண்டர். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம் வெட்ட வேண்டும். இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் வெட்டித் திறந்துவிட்டுப் போகிற பட்டறை என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வது நல்லது.

குறுக்குச் சட்டத்தில் வெல்டு என்றால் முதலில் டார்ஷன் பாரின் இறுக்கத்தைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். அது ஸ்ப்ரிங் எஃகு. சூடு பட்டாலோ வெல்டு தெறித்து ஒட்டினாலோ பிறகு அந்த இடத்திலேயே முறியும். கழற்றும் முன் அதன் முனையில் இருக்கும் பற்களில் எந்தப் பல்லில் எது நின்றது என்று குறித்து வையுங்கள். இடது, வலது மாற்றிப் போடக் கூடாது.

சில் மாற்றுவதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

மாட்டும்போது கடைசியில் வரும் வெளிச் சில்லைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பேக்டரியில் போட்ட ஸ்பாட் வெல்டுகளைத் தேடுங்கள். பெயின்டை உரசினால் சின்னச் சின்ன வட்டப் பள்ளமாகத் தெரியும். 8 மில்லிமீட்டர் ஸ்பாட் வெல்டு டிரில்லால் மேல் தகட்டை மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் நெம்பிப் பிரியுங்கள். அடித் தகடும் துளைந்துவிட்டால் பயமில்லை, பின்னால் வெல்டு வைத்து அடைத்துக்கொள்ளலாம். தெரியாத இடங்களில் 1 மில்லிமீட்டர் கட்டிங் வீலால் விளிம்புக்குச் சற்று உள்ளே வெட்டி, மீதிப் பட்டையைப் பிறகு உரித்து எடுக்கலாம்.

திறந்ததும் உள்ளே மண்ணும் துருச் செதிளும் ஒரு வாளி கொட்டும். வாக்குவம் கிளீனரால் எடுத்துவிட்டு உள் சில்லைப் பாருங்கள். கெட்ட பகுதியை ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் வெட்டாமல், ஒரு அடி வெட்டி, ஒரு அடி போட்டு, பிறகு அடுத்தது என்று போவது பாதுகாப்பு. ஃப்ளோரும் அதே இடத்தில் போயிருந்தால் முதலில் உள் சில்லை நிறுத்திவிட்டு ஃப்ளோருக்குப் போங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது.

உள்பக்கத்துக்கு இரண்டு கை எபாக்ஸி ப்ரைமர் அடியுங்கள், சேரும் விளிம்புகளில் மட்டும் துத்தநாக வெல்டிங் ப்ரைமர். புதுச் சில்லின் விளிம்பில் 30 முதல் 40 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 7 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டு, லாக்கிங் பிளையரால் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் பிடித்து நிறுத்துங்கள். இப்போது கதவை மூடிப் பாருங்கள். எழுதி வைத்த இடைவெளி வருகிறதா? வந்த பிறகு நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, மறுநுனியில் ஒன்று என்று பொட்டு வெல்டு வையுங்கள். மறுபடி கதவு. அதன் பிறகே ஓட்டைகளை வெல்டால் நிரப்புவது. நடுவில் தொடங்கி அடித் தகட்டில் சுடரை ஊன்றி, சுற்றி வெளியே வந்தால் உள்ளே இறங்கும். அடிப்பக்க வடிகால் துளைகளைப் பழைய இடத்திலேயே விடுங்கள். சீலர் அடிக்கும்போது அவற்றை அடைத்துவிட்டால், நீங்கள் வெல்டு செய்தது ஒரு தண்ணீர்த் தொட்டி.

ஃப்ளோரில் முழுத் தகடு போடுவதா, துண்டு போடுவதா?

ஓட்டை கையகலத்துக்குள் என்றால் துண்டு. அதற்கு மேல் என்றால் மடிப்புக் கோடு வரை பெரிதாக எடுங்கள். ஃப்ளோரில் அழுத்தியிருக்கும் வரிப்பள்ளங்கள் அழகுக்கு இல்லை, தகடு அதிராமல் விறைப்பாக நிற்க. வெறும் தட்டைத் தகடு போட்டால் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஃப்ளோர் தகர டப்பா மாதிரி முழங்கும். டிங்கரிடம் சொல்லி நாலைந்து வரிகள் தட்டச் சொல்லுங்கள்.

ஓரத்தை 12 மில்லிமீட்டர் படியாக அழுத்தி ஒன்றின் மேல் ஒன்று உட்கார வைக்கும் முறை ஃப்ளோருக்கு ஏற்றது, வெல்டு செய்வதும் சுலபம். இரண்டு பக்கமும் சீலர் கட்டாயம்.

கதவின் அடி விளிம்பு மட்டும் போயிருக்கிறது. முழு வெளித் தகடும் மாற்ற வேண்டுமா?

அடியிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் பட்டை மட்டும் மாற்றினால் போதும். வெல்டுக் கோடு கதவின் விரிந்த நடுப்பகுதியில் வரக் கூடாது. அங்கே நெளிந்தால் தட்டி எடுப்பது பெரிய வேலை. முடிந்த வரை கீழே, ஏதாவது மடிப்புக்குப் பக்கத்தில் வருமாறு வெட்டுங்கள். இரண்டு விளிம்பும் முட்டிக்கொண்டு நிற்க, நடுவே ஒரு கம்பி நுழையும் அளவு, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி.

கீழ் மடிப்பைத் திருப்புவதில்தான் கதவு முறுக்கிக்கொள்ளும். சுத்தியலால் ஒரே அடியில் மடிக்காதீர்கள். முழு நீளத்துக்கும் கொஞ்சம் சாய்த்து, திரும்ப வந்து பாதி, கடைசியில் முழுதாக என்று மூன்று சுற்று. வெளிப்பக்கம் டாலி அழுந்தப் பிடித்திருக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு முன் கதவை வண்டியில் மாட்டி மூடிப் பாருங்கள். அந்த நிலையில் முறுக்கைக் கையாலேயே சரி செய்யலாம். மடித்து முடித்த பிறகு முடியாது.

கண்ணாடி இறங்கும் இடத்தில் உள்ள பழைய ஃபெல்ட் ரப்பரை மாற்றாமல் கதவு வேலை செய்வது வீண் செலவு. அடி அரித்ததற்குக் காரணமே அதுதான்.

வெல்டு செய்த பிறகு பேனல் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வருகிறது.

சூட்டில் தகடு விரிந்து, இருக்க இடம் இல்லாமல் துள்ளுகிறது. நீளமாக வெல்டு இழுத்தால் இப்படித்தான். 25 மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு, ஒன்று இந்த முனையில், அடுத்தது அந்த முனையில், கை வைத்தால் சுடாத வரை காத்திருந்து அடுத்தது. ஒரு கதவுப் பட்டைக்கு அரை நாள் ஆகும்.

துள்ளிவிட்டால் பயப்பட வேண்டாம். துள்ளும் இடத்தின் உச்சியில் ஒரு சிறு பொட்டளவு இடத்தை மங்கிய சிவப்பு வரும் வரை கேஸில் காய்ச்சி, உடனே பின்னால் டாலி வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளி, ஈரத் துணி வையுங்கள். தகடு சுருங்கும். ஒரு பொட்டு முழுக்க ஆறிய பிறகு பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பட்டியால் நிரப்பி மறைக்கப் பார்த்தால் பட்டி விரிசல் விடும். பட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

தீ விபத்துக்கு என்ன முன்னேற்பாடு?

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பெட்ரோல் டேங்கையும், வெல்டு செய்யும் பக்கம் ஓடும் பெட்ரோல் குழாயையும் கழற்றிவிடுங்கள். டேங்க் காலியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நிறைந்த டேங்கை விட ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். சீட், கூரைத் துணி, வயரிங் எல்லாம் ஒதுக்க வேண்டும். மறுபக்கத்தில் அண்டர்கோட்டிங் தார் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். உள்ளே வெல்டு செய்துகொண்டிருப்பவருக்கு அடியில் எரிவது தெரியாது. இன்னொருவர் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் பட்டறையைப் பூட்டக் கூடாது.

பழைய மாடல்களில் தகடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் மிருதுவாக ஏதாவது உருகினால் அது ஈயமாக இருக்கலாம். அங்கே கிரைண்டர் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம், அரத்தால் எடுங்கள், மாஸ்க் அணியுங்கள்.

ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டு அடுத்த மாதம் பெயின்ட் கொடுக்கலாமா?

அந்த ஒரு மாதத்தில் மழை வந்தால் வேலை போச்சு. சாதாரண ரெட் ஆக்ஸைடு ஈரத்தை உள்ளே விடும். சிவப்பாக இருப்பதால் அடியில் துரு வருவதும் கண்ணுக்குத் தெரியாது. தகடு வெறுமையானதும் அன்றைக்கே இரண்டு பாகக் கலவை எபாக்ஸி ப்ரைமர். பட்டி பார்ப்பதென்றால் அதன் மேல்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பூசினால், நன்றாகக் கழுவி, காய வைத்து, பிறகுதான் எபாக்ஸி. அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி தோலாக உரிந்து வரும்.

பெயின்ட் முடிந்த பிறகு சில், பில்லர், கதவு இவற்றின் உள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். நான்கு கதவுக்கும் இரண்டு சில்லுக்கும் இரண்டு லிட்டர் போல ஆகும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது ஊர் வழக்கம். துருவைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் ரப்பர்களை ஊத வைக்கும், அடுத்த முறை வெல்டு செய்யும்போது தீப்பற்றும், பெயின்ட் எங்கும் பிடிக்காது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரீமியர் பத்மினி கார்களுக்கும் இதே முறைதானா?

பத்மினிக்கு ஏறக்குறைய இதேதான், அதுவும் ஒரே கூடு. சென்னையிலேயே தயாரான ஹெரால்டு வேறு. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன் மேல் போல்டில் உட்கார்ந்திருக்கிறது, சில்லும் போல்டில் கழன்று வரும். அதில் சில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களைக் குத்திப் பாருங்கள்.

ஆர்.சி. விஷயத்தில் சிக்கல் வருமா?

போயிருந்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது பழுதுபார்ப்புதான். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் தகட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவோ கிரைண்டர் போடவோ கூடாது. பக்கத்தில் வேலை இருந்தால் நம்பர் மேல் கனமான தகட்டைக் கட்டி மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் பதிவு விதிப்படி, 'வி.ஏ.' எழுத்துள்ள எண் கிடைக்கும். விதி வந்தபோது புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதனால் வெட்டுவதற்கு முன், வெட்டிய பின், போட்ட பின் என்று ஒவ்வொரு இடத்தையும் ஃபோட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அசல் வடிவம்தான் திரும்ப வந்திருக்கிறது என்று காட்ட உதவும். பட்டி பூசிய பிறகு யாராலும் அதைப் பார்க்க முடியாது.

பட்டறையில் விடுகிறேன். முன்கூட்டி என்ன பேசிக்கொள்வது?

மொத்தத் தொகை பேசாதீர்கள். திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் துரு மேலேயே தகடு வைப்பதாக முடிவு செய்துவிட்டார் என்று பொருள். முதலில் மேட், ஃபெண்டர் கழற்றிக் குத்திப் பார்த்து இடங்களைச் சாக்பீஸில் குறிக்க ஒரு கூலி. பிறகு இடத்துக்கு இடம் பேசலாம். தகட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வெட்டி எடுத்த பழைய துண்டுகளைக் குப்பையில் போடாமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள். எது போனது, எது போகவில்லை என்று அவை காட்டிவிடும். ப்ரைமருக்கு முன் ஒரு முறை, பட்டிக்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். வெளியூரில் இருந்தால் வீடியோ காலில், காந்தத்தை வைத்துக் காட்டச் சொல்லி.